குளிர் விரிப்பும் கோரைப் பாயும்

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் காலை, இரவுக் காவல் முடித்து வீடு திரும்பிய என் அண்ணன் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்துப் பார்த்தால் வெளிர் நீல நிறத்தில், வழுவழுவென்று ஒரு படுக்கை விரிப்பு! அதன் அட்டையில் இரண்டு வாக்குறுதிகள் அச்சிடப்பட்டிருந்தன. ஒன்று, இந்த விரிப்பு இரவு முழுவதும் உடலைக் குளிர வைக்கும். மற்றொன்று, பாக்டீரியாக்களில் நூற்றுக்கு 99.9 பங்கை ஒழித்துவிடும். விலை இரண்டாயிரத்துச் சொச்சம். தவணையில் வாங்கியிருந்தார். அம்மா விலையைக் கேட்டு வாய் திறப்பதற்குள், "முதல்ல தொட்டுப் பாரும்மா" என்றார். அம்மா தொட்டாள். "ஆமாடா, சில்லுனுதான் இருக்கு!" என்றாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து கன்னத்தை வைத்தே பார்த்துவிட்டுப் போனார்.

நான்காம் நாள் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ சயன்ஸ்தானே படிக்கிறே? தொட்டா குளிருது, படுத்தா வேகுது. ஏன்டா?" அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

எங்கள் வீடு சீத்தா கேம்பில் இருக்கிறது. அவ்விடத்தை அறியாத தோழர்களுக்கு ஒரு வார்த்தை. டிராம்பேயில், உப்பங்கழியை ஒட்டிய சதுப்பு நிலத்தில் எழுந்த குடியிருப்பு அது. பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி மக்களை, 1976ஆம் ஆண்டு நெருக்கடி நிலைக் காலத்தில் அடியோடு பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்து நின்று போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜாக்கின் அற்புதம். பின்னாளில், 2000ஆம் ஆண்டில், மகசேசே பரிசு அவருக்குக் கிடைத்தது. அது தனிக் கதை. இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான். கழியோரம் ஆகையால் காற்றில் ஈரம் மிகுதி. வீடுகள் நெருக்கமாகையால் காற்றோட்டம் குறைவு. எங்கள் வீடு பத்தடிக்குப் பதினைந்தடி. கீழே சிமெண்டுத் தரை. மேலே பலகைத் தட்டு. அதன்மேல் தகரக் கூரை. அண்ணன் பகலில் உறங்குவது அந்தப் பலகைத் தட்டில்.

முதலில், தொட்டால் ஏன் குளிர்கிறது என்று பார்ப்போம். சமையலறையில் எவர்சில்வர் தம்ளரையும் பூரிக்கட்டையையும் அடுத்தடுத்துத் தொட்டுப் பாருங்கள். தம்ளர் குளிரும், கட்டை குளிராது. வெப்பமானியை வைத்தாலோ இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்! நம் விரல் சூட்டை அளப்பதில்லை. தன்னிடமிருந்து வெப்பம் எவ்வளவு விரைவாகப் பறிபோகிறது என்பதைத்தான் உணர்கிறது. எவர்சில்வர் விரைவாகப் பறிக்கிறது. குளிர் விரிப்புக்காரர்கள் இந்த உண்மையைத்தான் பயன்படுத்துகிறார்கள். நைலான், பாலிஎதிலீன் போன்ற இழைகளை வழவழப்பாக நெய்தால் துணி தோலோடு நன்றாக ஒட்டிப் படியும். பஞ்சுத் துணியைவிட விரைவாக வெப்பத்தை வாங்கும். ஆகவே அம்மா உணர்ந்த குளிர்ச்சி பொய்யல்ல.

ஆனால் வாங்கிய வெப்பத்தை எங்கே வைப்பது? உறங்கும் மனிதனின் உடல் ஏறக்குறைய 75 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. நிமிஷத்துக்கு நாலரை கிலோஜூல் என்று கொள்ளலாம். அரைக்கிலோ எடையுள்ள விரிப்பு முழுவதும் 31 டிகிரியிலிருந்து 34 டிகிரிக்குச் சூடேற இரண்டு மூன்று கிலோஜூல் போதும். அதாவது ஒரு நிமிஷத்துச் சரக்கைக்கூட அதனால் தாங்க முடியாது. புரண்டு படுத்தால் மீண்டும் சற்றே குளிர்ச்சி. பிறகு அங்கும் சூடு. இரவெல்லாம் புரண்டுகொண்டே இருப்பதற்கு உறக்கம் என்று பெயரில்லை.

இன்னொரு வகை விரிப்பும் உண்டு. அதன் இழையில் கண்ணுக்குத் தெரியாத மெழுகுக் குமிழிகளைப் பதித்திருப்பார்கள். விண்வெளி வீரர்களின் கையுறைகளுக்காக நாசா நிறுவனம் 1980களில் ஊக்குவித்த ஆராய்ச்சியில் வளர்ந்த உத்தி அது. பனிக்கட்டி உருகும்போது சூடேறாமலே வெப்பத்தை விழுங்குவது போல, இந்த மெழுகும் உருகும்போது வெப்பத்தை விழுங்கும். இதற்குப் பெரிதும் பயன்படும் ஆக்டடெக்கேன் என்னும் மெழுகு 28 டிகிரியில் உருகுகிறது. ஒரு கிலோ உருகச் சுமார் 240 கிலோஜூல் வேண்டும். விரிப்பில் 200 கிராம் இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 48 கிலோஜூல் ஆயிற்று. மனித உடல் பத்துப் பதினோரு நிமிஷத்தில் அதை உருக்கிவிடும். உடலின் ஒரு பக்கம்தானே விரிப்பில் படுகிறது என்று சலுகை கொடுத்தாலும் அரைமணிக்குள் கதை முடிந்தது.

அதைவிட வேடிக்கை, உருகிய மெழுகு மறுபடி உறைய வேண்டுமானால் அறை 28 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். மே மாதத்தில் மும்பையில் வெட்டவெளியிலேயே விடியற்காலைக் குளிர் சராசரி 27 டிகிரிதான். எங்கள் வீட்டுக்குள் இரவு பதினொரு மணிக்கு நான் அளந்தபோது 31. அந்த அறையில் மெழுகு உறைந்தால்தானே உருகுவதற்கு? படுக்குமுன்பே உருகித் தீர்ந்த மெழுகு யாருக்கு என்ன செய்யும்? குளிரூட்டிய அறையில் படுப்பவருக்கே அவ்விரிப்பு உதவும். அவருக்கோ விரிப்பே தேவையில்லை!

அண்ணன் விஷயம் இன்னும் மோசம். அவர் பகலில் அல்லவா உறங்குகிறார்? பிற்பகல் இரண்டு மணிக்குத் தட்டில் ஏறி, ஆள் படுக்காத விரிப்பின்மேல் வெப்பமானியை வைத்தேன். 38 டிகிரி காட்டியது. மனிதத் தோலின் சூடு 34, 35. வெப்பம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே பாயும். இதில் எந்த விளம்பரமும் மாற்றம் செய்ய முடியாது. ஆகவே அந்த நேரத்தில் விரிப்பு அண்ணனிடமிருந்து வெப்பத்தை வாங்கவில்லை; அவருக்குள் ஏற்றிக்கொண்டிருந்தது. பஞ்சுத் துணியைவிட நன்றாகக் கடத்துவது என்பதால் பஞ்சுத் துணியைவிட நன்றாகவே ஏற்றியிருக்கும். "படுத்தா வேகுது" என்று அவர் சொன்னது துல்லியமான பௌதிகம்.

இதில் உறக்கத்துக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். உறக்கம் வரும் வேளையில் உடலின் உட்சூடு மெல்ல இறங்கத் தொடங்குகிறது. விடியுமுன் சுமார் ஒரு டிகிரி குறைகிறது. அதற்காகக் கைகால்களின் இரத்தக் குழாய்கள் விரிந்து உள்வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவந்து கொட்டுகின்றன. பாதங்கள் வெதுவெதுப்பானால் உறக்கம் விரைவில் வரும் என்று சுவிட்சர்லாந்தில் பாசல் நகர ஆராய்ச்சியாளர்கள் 1999இல் கண்டது இதனால்தான். கொட்டிய வெப்பம் வெளியே போகாவிட்டால் ஆழ்ந்த உறக்கமும் கனவு உறக்கமும் இரண்டும் குறுகும். கனவு உறக்கத்தின்போது உடல் தன் சூட்டைச் சீர்ப்படுத்திக்கொள்ளும் திறனையே பெரும்பாலும் கைவிட்டுவிடுகிறது. ஆகவே வெக்கையில் முதலில் விழிப்புத் தட்டுவது அங்கேதான். 68 நாடுகளில் 47,000 பேரின் உறக்கத்தை அளந்து 2022இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, வெப்பத்தால் மனிதர் ஆண்டொன்றுக்குச் சராசரி 44 மணி நேர உறக்கத்தை இழக்கிறார்கள் என்கிறது. அந்த 47,000 பேரும் மணிக்கட்டில் கருவி கட்டிப் படுத்தவர்கள். எங்கள் தெருவில் அப்படி ஒருவரும் இல்லை. எங்கள் கணக்கு இன்னும் பெரிதாகவே இருக்கும் என்பது என் எண்ணம்.

வெப்பம் வெளியேற உடலுக்கு இருக்கும் கடைசி வழி வியர்வை. 100 கிராம் வியர்வை ஆவியானால் 240 கிலோஜூலுக்கு மேல் கொண்டுபோய்விடும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்து உடல் வெப்பம் அவ்வளவும் தீர்ந்தது! மேற்சொன்ன மெழுகு விரிப்பைப்போல் ஐந்து விரிப்புகளின் வேலையை ஒரு தம்ளருக்கும் குறைந்த வியர்வை செய்துவிடுகிறது. ஆனால் அது ஆவியாக வேண்டும். வழிந்தோடினால் பயனில்லை. எங்கள் சொந்த ஊர்ப் பக்கமான திருநெல்வேலியில் கோடையில் 36 டிகிரி வெயிலும் 40 சதவீத ஈரமும் இருக்கும் ஒரு பொழுதை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத் துணி சுற்றிய வெப்பமானி அங்கே 25 டிகிரிவரை இறங்கும். மும்பையில் 32 டிகிரியும் 75 சதவீத ஈரமும் இருக்கும்போது அதே வெப்பமானி 28க்குக் கீழே இறங்காது. ஊரில் வெயில் அதிகம். ஆனால் வியர்வை ஆவியாகும் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஊரில் திண்ணையில் உறங்கிய தாத்தா இங்கே வந்தால் "என்னப்பா, அவிஞ்சு போற மாதிரி இருக்கு" என்று சொல்வதன் காரணம் இது.

இத்தகைய இடத்தில் தோலின்மேல் காற்று ஓடினால்தான் பிழைப்பு. தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை மின்விசிறி விலக்குகிறது. முதுகுக்குக் கீழே அது எட்டாது. அங்கேதான் விரிப்பின் தன்மை முக்கியமாகிறது. பஞ்சு தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதமும் வாங்காது. மேலும், விரிப்பின் அடியில் ரப்பர் நுரை மெத்தை இருந்தால் எந்த விரிப்பு போட்டும் பயனில்லை. நுரை என்பது சிறைப்பட்ட காற்று. வெப்பத்துக்கு அது மூடிய கதவு.

சிமெண்டுத் தரையோ திறந்த கதவு. ஆள் படுக்கும் அளவுக்கு அரைச் சதுர மீட்டர் தரையைப் பத்துச் சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 100 கிலோ கனம். அது ஒரு டிகிரி சூடேறவே 90 கிலோஜூல் வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் விரிப்புகள் இரண்டின் மெழுகு அவ்வளவும் சேர்ந்தாலும் தரையின் ஒரு டிகிரிக்குத்தான் ஈடு! தரையின்மேல் கோரைப் பாய் போட்டால் அதன் வரிவரியான மேடுபள்ளங்களில் கொஞ்சம் காற்றும் நுழையும். பத்தமடைக்காரர்கள் பௌதிகம் படித்துப் பாய் நெய்யவில்லை என்பது உண்மைதான். பாய்க்கு அது தெரியாது.

இனி, அந்த 99.9 பங்கு. பரிசோதனைச் சாலையில் துணித் துண்டின்மேல் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற குறிப்பிட்ட பாக்டீரியாக்களை இட்டு, ஒரு நாள் கழித்து எண்ணுவார்கள். பத்து லட்சத்தில் ஆயிரம் மிஞ்சினால் 99.9. பெரிய வெற்றிதான். ஆனால் அங்கே துணி புதிது. வீட்டிலோ ஒவ்வொரு நாளும் நாமே வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தோற்செதிலும் புதிய பாக்டீரியாவும் கொண்டுவந்து கொட்டுகிறோம். மருந்து பூசிய இழையை அந்த அழுக்கு மூடிவிடுகிறது. அழுக்கைப் போக்கத் துவைத்தால் மருந்தும் சேர்ந்து போகிறது. வெள்ளித் துகள் ஊட்டிய காலுறைகளை நீரில் அலசியபோது சிலவற்றிலிருந்து வெள்ளி கழன்று போனதை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2008இல் காட்டினார்கள். டிரைக்ளோசான் என்ற கிருமிநாசினி கலந்த கைகழுவும் சோப்புகளை அமெரிக்கா 2016இல் தடை செய்தது. சாதாரண சோப்பைவிட அவை மேல் என்று உற்பத்தியாளர்கள் மெய்ப்பிக்காதது ஒரு காரணம்.

விரிப்பின் மருந்து பெரும்பாலும் காப்பது விரிப்பைத்தான், படுப்பவரை அல்ல. நாற்றம் குறையும், அவ்வளவே. வேர்க்குரு, அடைபட்ட வியர்வைத் துளைகளால் வருவது. மூட்டைப்பூச்சி பாக்டீரியா அல்ல. தும்மல் வரவழைக்கும் தூசிப் பேன்களும் அல்ல. பேன்களைக் கொல்ல 55, 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதே வழி. விடுதியில் தங்கியிருக்கும் தோழர்கள் இரண்டு பஞ்சு விரிப்புகளை வாங்கி வாரம் ஒன்றாக மாற்றிப் போட்டு வெயிலில் காயவைத்தால் எந்த மருந்தும் வேண்டாம். (மாதக்கணக்கில் ஒரே விரிப்பில் படுப்பவர் யார் யார் என்பது எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.)

இவ்வளவையும் அண்ணனிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நான் எங்கே தூங்குறது?" என்றார். நியாயமான கேள்வி. கீழ்த் தரைதான் இடம் என்றேன். ஆனால் கீழே பகலெல்லாம் அம்மாவின் மாவு கிரைண்டர் ஓடும். இட்லி மாவு விற்பது எங்கள் வீட்டின் இரண்டாவது வருமானம். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து அரைக்கும் வேலையை விடியற்காலை நாலு மணிக்கு மாற்றிக்கொண்டாள். அண்ணனின் உறக்கத்துக்கு அம்மாவின் உறக்கத்தில் ஒரு மணி நேரம் போயிற்று. இந்தக் கணக்கை என்னால் எந்தச் சமன்பாட்டாலும் தீர்க்க முடியவில்லை.

கூரையையும் விடவில்லை. வெயிலில் தகரம் 60 டிகிரியையும் தாண்டும். வெள்ளையடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். தெலுங்கானா அரசு 2023இல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நாங்கள் கொள்கை எதுவுமின்றிச் சுண்ணாம்பு அடித்தோம். பிற்பகலில் தட்டின்மேல் 38 இருந்தது 35 ஆயிற்று. ஜூன் மாத மழையில் சுண்ணாம்பு கரைந்து தெருச் சாக்கடையில் ஓடியது. இந்த ஆண்டு மழைக்குத் தாங்கும் வெள்ளைப் பூச்சு வாங்கலாம் என்று தவணைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார் அண்ணன்.

நீல விரிப்பை நான் முற்றும் பழித்துவிட்டதாக எண்ண வேண்டாம். மழைக்காலத்தில் சீத்தா கேம்பில் பஞ்சு விரிப்பு மூன்று நாளானாலும் காயாது; காய்வதற்குள் பூஞ்சை நாற்றம் வந்துவிடும். ஈரம் குடிக்காத இந்த விரிப்போ மின்விசிறிக்கடியில் ஒரே இரவில் காய்ந்தது, நாற்றமும் இல்லை. ஜூலை முழுவதும் அம்மாதான் அதை விரித்துப் படுத்தாள். நாலு மணிக்கு எழுந்ததும் மடித்துப் பரண்மேல் வைத்துவிட்டுக் கிரைண்டரைப் போடுவாள்.