வட்டமும் கோடும்

1996-இல் ஹூண்டாய் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை கட்டத் தொடங்கியது; 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது. ஆலையோடு பொறியாளர்கள், உதிரிபாகக் கம்பெனிகள், பின்னாலேயே குடும்பங்கள் என்று கொரியர்கள் வந்து சேர்ந்தார்கள். பலருக்கு வேலை சில ஆண்டுகளுக்குத்தான். அதற்காகக் கிம்ச்சி இல்லாமல் சோறு இறங்குமா? பிள்ளைக்குப் பள்ளியும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குத் தேவாலயமும் வேண்டும்.

கொரியக் குழந்தை அப்பாவை ‘அப்பா’ என்றே கூப்பிடும், அம்மா ‘ஒம்மா’. இதை வைத்துத் தமிழுக்கும் கொரிய மொழிக்கும் உறவு சொல்வோர் உண்டு. மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்பதில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அந்த ஓர் ‘அப்பா’ போதும்.

இவர்களுக்கான கொரிய உணவகங்களின் பலகைகளில் இருப்பது ஹங்குல் எழுத்து, 1446-இல் அறிவிக்கப்பட்டது. அதிலுள்ள சின்ன வட்டத்தைக் கவனியுங்கள்: அசையின் தொடக்கத்தில் அதற்கு ஒலியில்லை, இறுதியில் வந்தால் ‘ங்’.