ஒல்லாந்தர் வண்டியும் நெடுந்தீவுக் குதிரையும்

நெடுந்தீவுக் கரையில் இறங்குவோர் இரு காட்சிகளைக் காணாது திரும்புவதில்லை. ஒன்று, கட்டுவாரின்றிச் சுதந்திரமாய்த் திரியும் குதிரைக் கூட்டம். மற்றையது, ஒல்லாந்தர் கோட்டை என வழங்கும் முருகைக்கற் சிதைவு. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நகரங்களின் பெயர்களை நம் தீவுகளுக்குச் சூட்டினர். காரைநகர் அம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. இங்கே அவர்கள் குதிரைகளை வளர்த்தனர். அவற்றைக் கட்டிய லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன.

பரியின் வலுவை நம்பிய அந்தச் சமுதாயம், இயந்திரத்தைப் 'பரிவலு'வால் அளக்கும் காலம் வந்தபோது என்ன செய்தது? பரப்பில் இலங்கையிலும் சிறியதான அந்நாட்டின் மோட்டார்க் கைத்தொழில் வரலாறு, அறியத்தக்க ஒன்றாகும்.

முதலில் எழுந்தவர்கள் ஸ்பைக்கர் சகோதரர்கள். குதிரை வண்டி கட்டும் தொழிலினர். 1898 இல் அரசி வில்ஹெல்மினாவுக்கு வழங்கப்பட்ட பொன் வண்டி அவர்கள் பட்டறையில் உருவானதே. அதே கைகள் விரைவில் மோட்டார் வண்டியும் செய்தன. 1903 இல் ஆறு உருளை இயந்திரமும், நான்கு சில்லுகளையும் ஒருங்கே இயக்கும் அமைப்பும் கொண்ட காரை அவர்கள் படைத்தபோது உலகம் வியந்தது. 1907 இல் பீக்கிங்கிலிருந்து பாரிஸ் வரை நடந்த நெடும் ஓட்டத்தை ஸ்பைக்கர் வண்டியொன்று ஓடி முடித்தது. ஆனால் அதே ஆண்டில், இங்கிலாந்திலிருந்து திரும்பிய கப்பல் உடைந்து இளைய சகோதரர் ஹென்ட்ரிக் யான் மாண்டார். நிறுவனமும் தளர்ந்து, 1920களின் நடுவில் மறைந்தது.

பின்னர் வந்தவர் ஹியூப் வான் டோர்ன். 1928 இல் ஐந்தோவன் நகரில் சிறு பட்டறையொன்றைத் தொடங்கிய அவர், 1958 இல் 'டாஃப் 600' என்னும் சிறு காரை மக்கள் முன் வைத்தார். அதில் மாற்றுதற்குக் கியர்கள் இல்லை. இரு கூம்புகளை எதிரெதிரே வைத்தாற்போன்ற கப்பிகளில் இறப்பர்ப் பட்டி ஓடியது. கூம்புகள் நெருங்கினாற் பட்டி விளிம்பை நோக்கி ஏறும். விலகினால் மையத்தை நோக்கி இறங்கும். இவ்வாறு வேகவிகிதம் படிப்படியாக அன்றி, நீரோட்டம்போல் மாறியது. முன்னே செல்லும் வேகத்திலேயே அவ்வண்டி பின்னேயும் செல்லும். ஆதலால் ஒல்லாந்தர் பின்னோட்டப் பந்தயங்களையும் நடத்தி மகிழ்ந்தனர்!

அக்காரின் கதையில் துயரும் உண்டு. லிம்பர்க் மாகாணத்து நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவதென 1965 இல் அரசு அறிவித்தது. வேலை இழப்போருக்கு வாழ்வளிக்கும் நோக்குடன், அங்குள்ள போர்ன் என்னும் ஊரில் டாஃப் கார்த் தொழிற்சாலை எழுந்தது. ஆனால் 1975 இல் கார்ப் பகுதி சுவீடனின் வொல்வோ கைக்குப் போயிற்று. அதன்பின் மிற்சுபிஷி வந்தது, பி.எம்.டபிள்யூவின் மினியும் வந்தது. 2024 பெப்ரவரியில் இறுதி மினி வெளியேறியது. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு வாழ்வளித்த வாயிலில் கார்கள் உருவாவது நின்றது.

ஆயின் எல்லாம் வீணாயிற்றா? இல்லை. வான் டோர்ன் ஓயாது ஆராய்ந்தார். மெல்லிய உருக்குத் துண்டுகள் நூற்றுக்கணக்கானவற்றை உருக்கு வளையங்களிற் கோத்து, இறப்பருக்குப் பதிலாக உறுதிமிக்க பட்டியொன்று உருவாயிற்று. அது இழுப்பதன்று, தள்ளுவது! 1979 இல் அவர் மறைந்தார். 1987 இல் ஜப்பானின் சுபாரு தன் ஜஸ்டி காரில் அப்பட்டியைப் பொருத்தியது. இன்று யாழ்ப்பாணத் தெருக்களில் ஓடும் ஜப்பானியச் சிறு கார்கள் பலவற்றில் இயங்குவதும் இவ்வகைப் பட்டியே.

நெடுந்தீவுக்குப் படகேறக் குறிகட்டுவான் துறைவரை வாடகைக் காரில் வருவோர், தம் காலடியிற் சுழலும் ஒல்லாந்தச் சிந்தனையை அறியார். கடல் கடந்ததும் இடிந்த கோட்டையையே ஒல்லாந்தரின் எச்சமென்று காட்டுவர். படையால் நாட்டியது சிதைந்தது; பட்டறையிற் பிறந்த எண்ணமோ, பெயரையும் இழந்து, ஊர்தோறும் ஓடுகிறது. மாணவர்க்கு வரலாறு புகட்டும் ஆசிரியர், கோட்டைச் சுவரோடு நின்றுவிடாமல், அந்த வாடகைக் காரையும் ஒருகணம் சுட்டிக்காட்டலாம்.