மாதவிலக்கு நின்ற பிறகு இதயத்தையும் கவனியுங்கள்!

அயோத்தியாப்பட்டணம் பேருந்து நிறுத்தத்தில் காலையில் நின்று பாருங்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு, சேலத்துக்கோ வாழப்பாடிக்கோ வேலைக்குக் கிளம்பும் 50 வயதுப் பெண்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருவர் உங்கள் அம்மாவாகவும் இருக்கலாம். "கொஞ்ச நாளா படி ஏறினா மூச்சு வாங்குது, நெஞ்சு படபடங்குது" என்று அவர் சொன்னால், "தூரம் நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். பல நேரம் அது சரிதான். ஆனால் சில நேரம் அது இதய நோயின் முதல் அறிகுறி.

உடலில் என்ன நடக்கிறது?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வராவிட்டால், அது நின்றுவிட்டது என்று பொருள். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் இது நடக்கிறது. அதுவரை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ரத்தக் குழாய்களை நெகிழ்வாக வைத்திருக்க உதவுகிறது. அது குறைந்ததும் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு கூடுகிறது, வயிற்றுப் பகுதியில் சதை போடுகிறது, ரத்த அழுத்தமும் ஏறத் தொடங்குகிறது. இவை எதுவும் வலிக்காது. பரிசோதித்தால்தான் தெரியும்.

யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும்?

* 45 வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றவர்கள்
* சிறு வயதில் கருப்பையோடு சினைப்பைகளையும் அறுவை சிகிச்சையில் அகற்றியவர்கள்
* கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தவர்கள்
* சர்க்கரை நோய், புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள்

டாக்டரிடம் போகும்போது 25 வருடத்துக்கு முந்தைய பிரசவத்தில் பிரஷர் இருந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அறிகுறிகள் எவை?

பெண்களுக்கும் நெஞ்சுவலியே முக்கிய அறிகுறி. அதோடு தாடை, முதுகு, தோள் வலி, மூச்சுத் திணறல், குமட்டல், காரணமில்லாத அசதி ஆகியவையும் வரலாம். "வாயுப் பிடிப்பு"ன்னு நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது இங்கேதான் ஆபத்தாகிறது. உடம்பு திடீரெனச் சூடாகி வியர்ப்பது மாதவிலக்கு நிற்கும் காலத்தில் சகஜம்; சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால் வியர்வையோடு நெஞ்சு இறுக்கமோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அரசு சேவைகள் என்ன?

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டையும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய முதல்கட்ட மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இதை மருத்துவப் பணியாளர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் நாமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. மேல்சிகிச்சைக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. சந்தேகம் கேட்க 104-ஐ அழைக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டு உப்பும் இதில் அடக்கம். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடங்கள். "வீட்டு வேலையே போதும்"னு நினைக்காதீர்கள். ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால், "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று பாதியில் நிறுத்தாதீர்கள். மாரடைப்பைத் தடுக்கும் என்று நினைத்து ஹார்மோன் மாத்திரை வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம்.

வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை எடுத்துக்கொடுக்கும் அம்மாவுக்கு பிரஷர் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால், இந்த வாரமே அவரை அழைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போய் வாருங்கள்.