தூர்த்த கடலும் தூர்ந்த ஊருணியும்

கடலைத் தூர்த்து நிலம் உண்டாக்குவதும், அந்த நிலத்தின்மேல் மாடமாளிகைகளும் அகன்ற சாலைகளும் அமைப்பதும் இந்நாளில் நாகரிகத்தின் சிகரமாகப் போற்றப்படுகின்றன. மும்பையில் கடலுக்குள் சாலை போடுகிறார்கள். கொழும்பில் கடலுக்குள் ஒரு நகரமே எழுகிறது. சிங்கப்பூர் ஆண்டுக்காண்டு விரிந்துகொண்டே வந்திருக்கிறது. காரைக்குடியில் குடியிருப்போருக்கு இதில் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் வினவலாம். சம்பந்தம் உண்டு, பெரிதும் உண்டு. அதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகரத்தார் சமூகத்தின் மரபுக் கதையே கடலில்தான் தொடங்குகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்த தங்கள் முன்னோர் அவ்வூரை விட்டு நீங்கிப் பாண்டிநாட்டின் இந்த வறண்ட பூமியில் வந்து குடியேறினர் என்பதும், அப்பெருநகரைக் கடல் கொண்டது என்பதும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றன. செட்டிநாட்டு வீடுகள் தரைமட்டத்திலிருந்து உயர்ந்த மேடைகளின்மேல் நிற்பது அந்தப் பழைய அச்சத்தின் அடையாளம் என்று கூறுவாரும் உளர். கதை எவ்வாறாயினும், பிற்காலத்தில் இவர்கள் பெரும் பொருள் ஈட்டிய இடங்கள் யாவும் துறைமுகங்களே. கொழும்பு, இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய நகரங்களின் வரலாற்றில் செட்டிநாட்டுக்குப் பங்கு உண்டு. ஆகவே கடற்கரையில் நிலம் எப்படி உண்டாகிறது, உண்டான பின் யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி நமக்கு அந்நியமானதன்று.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். கடலிலிருந்து நிலத்தை 'மீட்பது' என்று இவ்வேலைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். மீட்பது என்றால், முன்பு நம்முடையதாயிருந்து பிறர் கைக்குப் போன பொருளை மறுபடியும் பெறுவது. அடகு வைத்த நகையை மீட்கிறோம். ஒற்றி வைத்த வயலை மீட்கிறோம். கடலிடம் நாம் எந்த நிலத்தை ஒற்றி வைத்தோம்? பெயரிலேயே ஒரு நியாயத்தை ஒளித்து வைத்துவிட்டால் பிறகு கேள்வி கேட்பார் இல்லை. தூர்ப்பது என்பதே நேர்மையான தமிழ்ச் சொல். கிணற்றைத் தூர்க்கிறோம், குளத்தைத் தூர்க்கிறோம். கடலையும் அவ்வாறே தூர்க்கிறோம்.

இவ்விஷயத்தில் இந்தியாவின் பாடசாலை பம்பாய். ஏழு தீவுகளாக இருந்த பூமியை இடைக்கடல் தூர்த்து ஒரே நகரமாக்கியது 18, 19-ஆம் நூற்றாண்டுகளின் வேலை. 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பருத்தி விலை வானளாவ ஏறியபோது, பின்வளைகுடாவைத் தூர்ப்பதற்கென்று ஒரு கம்பெனி தோன்றிற்று. அதன் பங்குகளின் விலை நாளுக்கு நாள் ஏறிற்று. 1865-இல் போர் முடிந்தது; பருத்தி விலை விழுந்தது; கம்பெனியும் கவிழ்ந்தது. பங்கு வாங்கியவர்களின் செல்வம் கடலில் விழுந்தது.

1920-களில் அதே கனவை கவர்னர் ஜார்ஜ் லாயிடின் சர்க்கார் மீண்டும் கையில் எடுத்தது. 1,145 ஏக்கர் நிலம் உண்டாக்குவது உத்தேசம். கடலுக்குள் கல் அணை எழுப்பிச் சேற்றை வாரி உள்ளே கொட்டினார்கள். சேறு அணையின் இடுக்குகள் வழியே மறுபடியும் கடலுக்கே போய்ச் சேர்ந்தது. மதிப்பீடு பொய்த்தது, செலவு பெருகிற்று. இந்த ஊழலை அஞ்சாமல் அம்பலப்படுத்தியவர் காங்கிரஸ்காரரான வழக்கறிஞர் கே. எப். நரிமன். ஹார்வி என்ற அதிகாரி அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். வழக்கில் வென்றவர் நரிமனே. இறுதியில் கிடைத்த நிலம் ஏறத்தாழ 440 ஏக்கர். இன்று உலகம் புகழும் மெரீன் டிரைவ் அத்திட்டத்தின் மிச்சம். அதற்குப் பின் கடலைத் தூர்த்து வானளாவிய கட்டடங்கள் எழுப்பிய முனைக்கு 'நரிமன் முனை' என்று பெயரிட்டார்கள். கடல் தூர்த்ததில் நடந்த அக்கிரமத்தை எதிர்த்தவரின் பெயரைத் தூர்த்த நிலத்துக்கே சூட்டியதைக் கௌரவம் என்பதா, பரிகாசம் என்பதா?

அவ்வூரில் இன்று நடப்பதையும் கவனியுங்கள். கடற்கரைப் பாதுகாப்பு விதிகள் 1991 முதல் நடைமுறையில் இருக்கின்றன. கடலைத் தூர்த்துச் சாலை போடுவதற்கு இடந்தராத அவ்விதிகள், 'விதிவிலக்கான சந்தர்ப்பங்களில்' போடலாம் என்று 2015 டிசம்பரில் திருத்தப்பட்டன. பிறகு தெற்கு மும்பையில் கரையோரச் சாலை எழலாயிற்று. அதற்காகத் தூர்த்த கடல் 100 ஹெக்டேருக்கு மேல். 2019 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அனுமதியை ரத்துச் செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. 2024 மார்ச்சில் முதற்பகுதி திறக்கப்பட்டது. வர்ளியில் வாழும் கோலி மீனவர்கள், பாலத் தூண்களுக்கிடையே 60 மீட்டர் இடைவெளியில் தங்கள் படகுகள் போக இயலாது என்று முறையிட்டார்கள். பல காலம் போராடிய பிறகே 120 மீட்டர் இடைவெளி கிடைத்தது. அந்நகரத்தின் உழைப்பாளிகளில் பெரும்பாலோர் போக்குவரத்துக்கு நம்பியிருப்பது புறநகர் ரயிலையும் பஸ்ஸையும். புதிய சாலையிலோ, இருசக்கர வண்டிக்கும் ஆட்டோ ரிக்‌ஷாவுக்கும் அனுமதியில்லை என்றே திறக்கும்போது அறிவித்தார்கள். கடல் யாவருக்கும் பொது. அதைத் தூர்த்துப் போட்ட சாலை மட்டும் யாவருக்கும் பொதுவன்று!

சிங்கப்பூருக்கு வருவோம். தெலுக் ஆயர் வீதி ஒரு காலத்தில் அலை மோதும் கரை. கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் அங்கே நாகூர் தர்காவை எழுப்பியபோது அது கடலைப் பார்த்து நின்றது. இன்று அதன் வாயிலில் நின்று பார்த்தால் கடல் தெரியாது, கட்டடங்களே தெரியும். செட்டியார்களின் கிட்டங்கிகள் நிறைந்திருந்த மார்க்கெட் வீதியிலும் அந்தப் பழைய கிட்டங்கிகள் இன்று இல்லை. 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கிறது. அந்நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி சர்க்காருக்கே உரியது. தூர்த்த நிலத்தைப் பல ஆண்டுகள் இறுகவிட்டே கட்டடம் எழுப்புகிறார்கள். ஜனங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். இவற்றை மறைக்காமல் சொல்லவே வேண்டும். ஆனால் இத்தனைக்கும் மணல் எங்கிருந்து வந்தது? அண்டை நாடுகளின் கரைகளிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் வந்தது. தங்கள் கரைகள் கரைவதைக் கண்டு மலேசியா 1997-இலும், இந்தோனேசியா 2007-இலும், கம்போடியா 2017-இலும் மணல் ஏற்றுமதியைத் தடுத்தன. ஒரு நாடு வளர வேண்டுமானால் மற்றொன்று தேய வேண்டியிருந்தது.

கொழும்பின் கதை இன்னும் அண்மையது. செட்டியார் தெருவுக்கும் கதிரேசன் கோயில்களுக்கும் சற்றுத் தெற்கே, காலிமுகத் திடலை அடுத்துள்ள கடலில் 269 ஹெக்டேர் நிலம் எழுப்பப்பட்டிருக்கிறது. 2014-இல் சீன அதிபர் முன்னிலையில் தொடங்கப்பட்டு, 2015-இல் ஆட்சி மாறியதும் நிறுத்தப்பட்டு, 2016-இல் மறுபடியும் நடந்து, 2019 ஜனவரியில் தூர்க்கும் வேலை முடிந்தது. கொட்டிய மணல் சுமார் 6.5 கோடி கன மீட்டர். நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள், கடலடி மணலை வாரினால் மீன் வாழும் இடம் அழியும் என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். நிலத்தில் ஒரு பகுதியைச் சீனக் கம்பெனிக்கு முழு உரிமையாகவே தருவதென்று முதலில் ஒப்பியிருந்தார்கள். எதிர்ப்பு எழுந்த பின் 99 ஆண்டுக் குத்தகை என்று மாற்றினார்கள். கடல் இலங்கையுடையது, மணலும் இலங்கையுடையது, பட்டா மட்டும் வேறொருவருடையது. பட்டாவைப் பற்றிய இந்தக் கேள்வியைத்தான் தேசபக்தர்கள் முதலில் கேட்க வேண்டும்.

இதைக் கேட்பதற்குச் செட்டிநாட்டைப் போலத் தகுதியுள்ள பிரதேசம் வேறில்லை. ஏனெனில் இதே நாடகத்தின் மற்றோர் அங்கத்தை நாம் பர்மாவில் கண்டோம். ஐராவதி முகத்துவாரத்தின் சதுப்பையும் காட்டையும் திருத்தி நெல்வயலாக்கியவன் பர்மியக் குடியானவன். அதற்கு முதல் கொடுத்தது செட்டிநாடு. 1930-இல் கீழ்ப்பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்து கடன் திரும்பாமற் போகவே, 1938-க்குள் அது 25 சதவீதமாயிற்று. லேவாதேவிக்காரர் நிலத்தை விரும்பி வாங்கவில்லை; கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்தது. ஆயினும் உழுதவன் நிலமிழந்தான், அவன் கோபம் மூண்டது, யுத்தம் வந்தது, 1948-இல் பர்மா விடுதலை பெற்றதும் நிலத்தைத் தேசிய உடைமையாக்கும் சட்டம் வந்தது. உண்டாக்கியவன் கையில் நில்லாத நிலம் பத்திரம் வைத்திருந்தவர் கையிலும் நிற்கவில்லை. இந்தப் பாடத்துக்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று.

கடலின் கணக்கும் இத்தகையதே. சென்னைத் துறைமுக வேலை 1875-ஐ ஒட்டித் தொடங்கிற்று. நம் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து செல்வது. துறைமுக அணை அதைத் தடுத்ததும், தெற்கே மணல் குவிந்து மெரீனாக் கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரித்தது. மெரீனாவில் காற்று வாங்குவோர் அனுபவிக்கும் மணல், வடக்கே குடிசை இழந்த மீனவர்களின் மணல். புதுச்சேரியிலும் 1980-களில் துறைமுகம் கட்டிய பின் நகரக் கடற்கரை மறைந்து கல்மேடு மிஞ்சிற்று. கடல் இனாம் கொடுப்பதில்லை; ஓரிடத்தில் பற்று எழுதினால் மற்றோரிடத்தில் வரவு வைத்துக்கொள்ளும். பேரேடு எழுதிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னதால் கடலைத் தொடவே கூடாது என்பது நமது அபிப்பிராயமன்று. ஜனத்தொகை பெருகுகிறது, நகரங்களில் நிலமில்லை, சாலை வேண்டாமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதே. ஹாலந்து தேசத்தார் 1932-இல் 32 கிலோமீட்டர் நீளமுள்ள அணையால் ஓர் உள்கடலை அடைத்தார்கள். உயிரைக் காக்கவும் உழுது பயிரிடவும் அதைச் செய்தார்கள். கொச்சியில் கப்பல் வருவதற்காகக் காயலை ஆழப்படுத்தியபோது, வாரிய மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவை எழுப்பினார்கள். ஆகவே வேலையைப் பொதுவாகப் பழிப்பதிலோ புகழ்வதிலோ பயனில்லை. மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். மண் யாருடைய கரையிலிருந்து வருகிறது? பிழைப்பை இழப்பவர் யார், அவருக்கு வேலை தொடங்குவதற்கு முன்பே ஈடு கிடைத்ததா? உண்டான நிலத்தின் பத்திரம் யார் பெயரில் எழுதப்படுகிறது? இம்மூன்றுக்கும் பகிரங்கமாகப் பதில் சொல்லக்கூடிய திட்டம் நல்ல திட்டம். பதில் சொல்ல மறுக்கும் திட்டம் எவ்வளவு அழகிய படங்களோடு வந்தாலும் சந்தேகத்துக்குரியதே.

இனி நம் ஊருக்கு வருவோம். செட்டிநாட்டில் கடல் இல்லை. ஆனால் தூர்ப்பது உண்டு. ஜீவநதியில்லாத இப்பூமியில் ஜனங்களை வாழ வைத்தவை கண்மாயும் ஊருணியுமே. தெருக்களையும் வாய்க்கால்களையும் சரிவு பார்த்து அமைத்து, கூரையில் விழுந்த மழையும் ஊருணிக்குப் போய்ச் சேரும்படி செய்த முன்னோர்கள் பொறியியற் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். ஆனால் கணக்குத் தெரிந்தவர்கள். வெளிநாட்டில் ஈட்டிய பொருளைக் கோயிலுக்கும் ஊருணிக்கும் தர்மமாகக் கொடுத்தார்கள். இன்று வாய்க்கால் அடைபட்டு ஊருணி வறள்கிறது. வறண்டதைத் தரிசு என்கிறார்கள். தரிசு பிறகு மனையாகிறது. சென்னையில் 1920-களில் ஒரு பெரிய ஏரியை வற்றடித்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். நுங்கம்பாக்கம் ஏரியிருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்நகரம் பட்ட பாட்டை நாடறியும். தண்ணீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை.

1928-இல் நகராட்சியான காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்திருக்கிறது. மாநகராட்சி என்றால் விரிவு, விரிவென்றால் சாலை, சாலைக்கும் மனைக்கும் முதலில் கண்ணில் படுவது பட்டா இல்லாத நீர்நிலைதான். கடற்கரையில் மீனவனுக்குக் கடல் எப்படியோ, இங்கே குடியானவனுக்குக் கண்மாய் அப்படி. இரண்டுக்கும் தனிப் பத்திரம் கிடையாது. பத்திரமில்லாததாலேயே பத்திரம் எழுத வல்லவர்கள் அவற்றின்மேல் கண் வைக்கிறார்கள். ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கு 2007-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியிருக்கிறது. பொதுக் குளங்களைத் தூர்க்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே அறுதியிட்டுச் சொல்லியிருக்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதை ஊருக்குக் கொண்டுவரும் பொறுப்பு பொதுஜன ஊழியர்களுடையது.

இளைஞர்களே! மேடையில் பேசுவதோடு தேசத்தொண்டு முடிந்துவிடவில்லை. உங்கள் ஊர் நில அளவைப் படத்தை வாங்கிப் பாருங்கள். அதில் ஊருணி என்றும் கண்மாய் என்றும் குறித்த இடங்களுக்கு நேரில் சென்று, இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். வரத்து வாய்க்கால் எங்கே அடைபட்டது என்று கண்டுபிடியுங்கள். புதிய சாலைக்குச் சர்க்கார் அறிவிக்கை வரும்போது அதை வரிக்கு வரி படித்து, பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்தில் எழுந்து நின்று மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பம்பாயில் தனி மனிதர் ஒருவர் ஏகாதிபத்தியத்தின் பெருந்திட்டத்தையே அஞ்சாமல் கேள்வி கேட்டார். ஒரு ஊருணியைக் காப்பதற்கு அவ்வளவு வல்லமை வேண்டியதில்லை. ஊர் ஒன்றுபட்டுக் கேட்டால் போதும்.