எல்லைக்கோட்டில் ஒரு குற்றம்: ஓர்சன் வெல்ஸின் 'டச் ஒஃப் ஈவில்'

இலக்கியத் தொடரொன்றிலே குற்றப்படத்தைப் பற்றிப் பேசுவதா என்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். நல்ல நாவலொன்று தொடும் விஷயங்களை நல்ல திரைப்படமும் தொடமுடியும் என்பது எனது எண்ணம். ஆதலால் இம்முறை 1958 ஆம் ஆண்டு வெளியான 'டச் ஒஃப் ஈவில்' என்ற அமெரிக்கப் படத்தை எடுத்துக்கொள்கிறேன். நெறியாளர், 'சிற்றிசன் கேன்' படத்தைத் தந்த ஓர்சன் வெல்ஸ்.

'ஃபிலிம் நுவார்' என்ற பிரெஞ்சுத் தொடருக்குக் 'கறுப்புத் திரைப்படம்' என்பது பொருள். இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபின் பாரிஸுக்கு வந்துசேர்ந்த சில ஹொலிவூட் குற்றப்படங்களைக் குறிக்க, நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் 1946 இல் இதனைக் கையாண்டார். இவ்வகைப் படங்களிலே குற்றவாளி மாத்திரமன்றி, அவனைத் தேடுபவனும் கறைபட்டவனாக இருப்பான். பெரும்பாலும் நகரத்து இரவுகளிலேதான் கதை நடக்கும். அமெரிக்க - மெக்சிக்கோ எல்லைக்கு அந்த இருளைக் கொண்டுபோன படங்களும் உண்டு. அன்ரனி மானின் 'போர்டர் இன்சிடென்ற்' (1949) அவற்றுள் ஒன்று. இம்பீரியல் பள்ளத்தாக்கின் வயல்களுக்குக் கள்ளமாகக் கடத்தப்படும் மெக்சிக்கோக் கூலிகளைப் பற்றிய படம் அது. ஜோன் ஓல்ற்றனின் ஒளிப்பதிவுக்காகவே அதனைப் பார்க்கலாம்.

வெல்ஸின் படத்துக்கு மூலம் 1956 இல் வெளியான ஒரு துப்பறியும் நாவல். விற் மாஸ்ரசன் என்ற புனைபெயரில் இருவர் சேர்ந்து எழுதியது. நாவலின் நாயகன் அமெரிக்கன், அவன் மனைவி மெக்சிக்கோப் பெண். வெல்ஸ் இதைத் தலைகீழாக்கினார். நாயகன் வார்கஸ் மெக்சிக்கோ அரசின் அதிகாரி. மனைவி சூசன் அமெரிக்கப் பெண். சிறிய மாற்றந்தான். ஆனால் எல்லைக்கு வடக்கே வார்கஸ் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் அந்நியன் ஒருவனின் குறுக்கீடாகிவிடுகிறது. அந்தப் பாத்திரத்தை சார்ல்ற்றன் ஹெஸ்ற்றன் முகத்துக்குக் கருமை பூசி நடித்திருப்பது இன்று உறுத்துகிறது. உறுத்தத்தான் வேண்டும்.

முதற்காட்சி பிரசித்தமானது. ஒருவன் காரொன்றின் பின்பெட்டியில் வெடிகுண்டை வைக்கிறான். செல்வந்தர் ஒருவரும் ஒரு நடனக்காரியும் அதில் ஏறிப் புறப்படுகிறார்கள். கமரா உயர்ந்து, கூரைகளைத் தாண்டி, தெருவில் இறங்கி, காரையும் நடந்து செல்லும் வார்கஸ் தம்பதியையும் மாறிமாறித் தொடர்கிறது. மூன்று நிமிடங்களுக்கு மேல் வெட்டே இல்லை. எல்லைச் சாவடியிலே அந்தப் பெண் தன் தலைக்குள் ஏதோ 'டிக் டிக்' என்கிறது என்று முறையிடுகிறாள், காவலர் பொருட்படுத்தவில்லை. குண்டு மெக்சிக்கோவில் வைக்கப்பட்டது, வெடித்தது அமெரிக்காவில். வழக்கு யாருடையது? படத்தின் சிக்கல் முழுவதும் அந்த ஒரே காட்சியிலே முடிச்சிடப்பட்டுவிடுகிறது.

இந்த எல்லைப்பட்டினம் உண்மையில் லொஸ் ஏஞ்சலிஸின் கடலோரப் பகுதியான வெனிஸ். அங்கிருந்த தூண்வரிசைகளும், பாழடைந்த கால்வாய்களும், எண்ணெய்க் கிணறுகளும் பாலைவன எல்லையாகிவிட்டன. ரசல் மெற்றியின் ஒளிப்பதிவில் அதை நம்பாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்கப் பொலிஸ் கப்டன் ஹாங்க் குவின்லனாக வெல்ஸே நடித்துள்ளார். ஊதிப் பருத்த உடல், கைத்தடி, நொண்டும் கால். பல்லாண்டுகளுக்கு முன் அவனுடைய மனைவி கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டாள். கொலையாளி சட்டத்திடமிருந்து தப்பிவிட்டான். இனி எவனும் தப்பக்கூடாது என்பது அவன் வைராக்கியம். சான்செஸ் என்ற இளைஞனின் குளியலறையிலே, ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் இரண்டு டைனமைற் குச்சிகள் 'கண்டுபிடிக்கப்படுகின்றன'. சற்று முன்னர் அதே பெட்டியை வார்கஸ் தற்செயலாகத் தட்டி விழுத்தியிருந்தான். அது வெறுமையாக இருந்தது!

அதற்குப் பின் குவின்லன் சரிவது விரைவாகவே நடக்கிறது. போதைப்பொருட் கும்பலின் தலைவன் கிரான்டியோடு கூட்டுச் சேர்கிறான். சூசன் தனித்த மோட்டல் ஒன்றிலிருந்து கடத்தப்படுகிறாள். (சூசனாக நடித்த ஜனற் லீ, இரண்டு வருடங்களின் பின் 'சைக்கோ'விலும் இன்னொரு மோட்டலில் அகப்பட்டுக்கொண்டார்.) பின்னர் அந்தக் கிரான்டியையே குவின்லன் கழுத்து நெரித்துக் கொல்கிறான். மனைவி இறந்த அதே விதத்தில்.

என்னை அதிகம் பாதித்த பாத்திரம் குவின்லனின் உதவியாளன் மென்சீஸ். அவனுக்கு வந்த குண்டைத் தன் காலில் வாங்கியே குவின்லன் நொண்டியானான். அந்த மனிதனுக்கு எதிராகத் தன் உடலில் ஒலிவாங்கியை மறைத்துக்கொண்டு செல்ல வேண்டியவனும் மென்சீஸ்தான். வார்கஸ் பதிவுக் கருவியுடன் எண்ணெய்க் கிணறுகளிடையே ஒளிந்து பின்தொடர்கிறான். நேர்மையான அதிகாரி, களவாக ஒட்டுக்கேட்கிறான். அது அவனுக்கே பிடிக்கவில்லை. ஜோசப் கலேயா மென்சீஸின் வேதனையை மிகக் குறைந்த அசைவுகளுடன் வெளிக்கொணர்கிறார்.

இருவரும் ஒருவரையொருவர் சுட்டு மடிந்தபின் செய்தியொன்று வருகிறது: சான்செஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். குவின்லனின் ஊகம் சரியென்றே பலர் இதனை எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. அந்த வாக்குமூலம் எப்படிப் பெறப்பட்டது என்பதைப் படம் காட்டவில்லை. அதைப் பெற்றவர்கள் குவின்லனின் பொலிசார். சரியென்றே வைத்துக்கொண்டாலும், அவன் இதுவரை சிறைக்கும் தூக்குக்கும் அனுப்பிய மற்றவர்கள்? அவர்களுக்காகப் பேச எவரும் மிஞ்சவில்லை.

யூனிவேர்சல் நிறுவனத்தார் படத்தைத் தாங்களே வெட்டி ஒட்டி, வேறொரு நெறியாளரைக் கொண்டு சில காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்தனர். 1957 டிசம்பரில் வெல்ஸ் 58 பக்க மனுவொன்றை எழுதினார். கோபம் அடக்கி, எந்த ஒலி எங்கே வரவேண்டும் என்பதுவரை விளக்கினார். பெரும்பாலானவை கவனிக்கப்படவில்லை. 1998 இல் வோல்ற்றர் மேர்ச் அந்த மனுவை வைத்துப் படத்தை மீளத் தொகுத்தார். முதற்காட்சியின்மேல் ஓடிய எழுத்துக்கள் நீக்கப்பட்டன. ஹென்றி மான்சினியின் ஆரம்ப இசைக்குப் பதில் மதுச்சாலைகளிலிருந்தும் கார் வானொலியிலிருந்தும் கசியும் இசை வந்தது. வெல்ஸ் 1985 இலேயே காலமாகிவிட்டார். படத்தைப் பார்க்க விரும்பும் நேயர்கள் இந்த 111 நிமிடப் பிரதியையே தேடிப் பாருங்கள்.