கிட்டாரின் மறுபாதி

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க நினைப்பவர்கள் மாதக்கணக்கில் கிட்டாரைத்தான் தேடுகிறார்கள். எந்த மரம், எந்த பிக்கப், என்ன நிறம் என்று அலசிப் பார்த்து, கையிலிருக்கும் பணத்தில் பெரும்பகுதியை அதற்கே கொடுத்துவிட்டு, மிச்சப் பணத்துக்குக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரை வாங்கி வருகிறார்கள். ஆம்ப் என்றால் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி, எதை வாங்கினால் என்ன என்ற எண்ணம்தான் காரணம். வீட்டில் பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபயருக்கு இந்த எண்ணம் ஓரளவு பொருந்தும். பதிவில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் தருவதுதான் அதன் வேலை. கிட்டார் ஆம்பின் வேலை வேறு. வீணையில் குடம் செய்வதை எலெக்ட்ரிக் கிட்டாரில் ஆம்ப் செய்கிறது. குடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் வீணை வாங்குவதில்லை.

உள்ளே துளையில்லாத கட்டையில் செய்த எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப் இல்லாமல் மீட்டினால் அடுத்த அறைக்குக்கூடச் சரியாகக் கேட்காது. ஸ்ட்ரிங்குகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மிக மெல்லிய செம்புச் சுருளும்தான். எஃகு ஸ்ட்ரிங் அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தம் பிறக்கிறது. அந்தச் சிறிய சிக்னலில் பேஸ் எவ்வளவு, ட்ரெபிள் எவ்வளவு, அழுத்தி அடித்தால் ஒலி எந்த இடத்தில் உடையத் தொடங்கும், ஒரு ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையெல்லாம் பெரிதும் முடிவு செய்வது ஆம்ப்.

ராக் இசையின் வரலாறே இதற்குச் சாட்சி. 1960-களின் தொடக்கத்தில் லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும், பேஸ் கிட்டாருக்காக அமெரிக்காவின் ஃபென்டர் நிறுவனம் செய்த பாஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டை அடிப்படையாக வைத்து 1962-ல் ஒரு ஆம்ப் செய்தார்கள். சர்க்யூட் ஏறக்குறைய அதேதான். ஆனால் பாகங்கள் வேறு, ஸ்பீக்கர் வேறு, பெட்டி வேறு. அதில் பிறந்த கரகரப்பான, தடித்த ஒலிதான் பின்னால் ராக் கிட்டாரின் அடையாளமானது. கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1966-ல் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் ஆல்பத்தில் மார்ஷல் ஆம்பை உச்சத்தில் வைத்து வாசித்தார். நான்கே ஆண்டுகளில், லைலா ஆல்பத்துக்கு அவர் பயன்படுத்தியது ஃபென்டர் சாம்ப். சுமார் 5 வாட் சக்தியும் 8 அங்குல ஸ்பீக்கரும் கொண்ட, மாணவர்கள் பழகுவதற்கான ஆம்ப் அது.

வாட் கணக்கைப் பற்றிய பெரிய தவறான எண்ணத்தையும் அந்தச் சின்னப் பெட்டி உடைத்துவிடுகிறது. 20 வாட்டைவிட 40 வாட் இரு மடங்கு சத்தம் தரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. சக்தியை இரு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல். நன்றாகக் கவனித்தால்தான் அந்த வித்தியாசம் தெரியும். காதுக்குச் சத்தம் இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். இன்னொரு கணக்கையும் பாருங்கள். நல்ல 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தாலே 1 மீட்டர் தூரத்தில் 100 டெசிபெல்லை நெருங்கிவிடும். சாதாரணப் பேச்சு 60 டெசிபெல். அப்படியானால், சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு குடும்பம் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் நாம் வாசிக்கப் போவது பெரும்பாலும் 1 வாட்டுக்கும் கீழேதான். பிறகு 100 வாட் எதற்கு என்றால், அந்த ஆம்புகள் பிறந்த காலத்தில் மேடைகளில் இன்றைய ஒலிபெருக்கி வசதி இல்லை. 1965-ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேருக்கு முன் வாசிக்க பீட்டில்ஸுக்கு வாக்ஸ் நிறுவனம் 100 வாட் ஆம்புகளைக் கொடுத்தும், ரசிகர்களின் கூச்சலில் அவை எடுபடவில்லை.

நாளைக்கு மேடை ஏறினால் சின்ன ஆம்ப் போதுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இன்று மெல்லிசைக் கச்சேரியானாலும் தேவாலய இசைக்குழுவானாலும் ஆம்புக்கு முன் ஒரு மைக்கை வைக்கிறார்கள், அல்லது லைன் அவுட்டிலிருந்து வயர் இழுத்து மிக்சருக்குக் கொடுக்கிறார்கள். கூட்டத்துக்குக் கேட்கவைப்பது அரங்கத்தின் ஸ்பீக்கர்கள். டிரம்ஸோடு சேர்ந்து பயிற்சி செய்பவருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் சக்தி வேண்டும்.

வாட்டைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஸ்பீக்கர். கிட்டார் ஸ்பீக்கர் பொதுவாக 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சடாரென்று அடங்கிவிடும். இது குறை போலத் தோன்றினாலும், கிட்டாருக்கு வேண்டியது அதுதான். ஒலி உடையும் டிஸ்டார்ஷனில் சிக்னலின் தலை வெட்டப்படும்போது தேவையில்லாத உயர் அதிர்வெண்கள் ஏராளமாகப் பிறக்கின்றன. தடித்த காகிதக் கூம்பு அவற்றை வெளியே விடுவதில்லை. எல்லாவற்றையும் அப்படியே ஒலிக்கும் ஹோம் தியேட்டரில் அதே டிஸ்டார்ஷனைக் கொடுத்தால் காதைக் கீறும். எனவே பாட்டுக் கேட்கும் செட்டிலேயே கிட்டாரைச் செருகிக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம். அளவிலும் கவனம் தேவை. 5, 6 அங்குல ஸ்பீக்கர் உள்ள மலிவுப் பெட்டிகளில் கீழ் ஸ்ட்ரிங்குகள் மெலிந்து ஒலிக்கும். சாதாரண ஆம்பில் 8 அங்குலத்துக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

வெற்றிடக் குழாயில் ஓடும் வால்வு ஆம்ப்தான் உண்மையான ஆம்ப், மற்றதெல்லாம் போலி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. அழுத்தி அடித்தால் உடைந்து, மென்மையாக அடித்தால் தெளிந்து, விரலோடு ஒட்டியே வரும் குணம் வால்வுக்கு உண்டு. ஆனால் பவர் வால்வுகள் அந்தக் குணத்தை முழுதாகக் காட்ட வால்யூமை நன்றாக ஏற்ற வேண்டும். வீட்டில் அது முடியாது. வால்வுகள் தேயும், மாற்ற வேண்டும், உள்ளே பல நூறு வோல்ட் ஓடும். டிரான்சிஸ்டர் ஆம்பைத் தாழ்வாக நினைக்கவும் தேவையில்லை. 1975-ல் ரோலண்ட் கொண்டுவந்த ஜாஸ் கோரஸ் முழுக்க டிரான்சிஸ்டரில் ஓடுவது. அதன் தெளிந்த ஒலிக்கு இன்றும் மதிப்பு குறையவில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் தேர்வு டிஜிட்டல் மாடலிங் ஆம்ப்தான். பல ஆம்புகளின் குணத்தைக் கணக்கீட்டில் உருவாக்கித் தரும். குறைந்த வால்யூமிலும் ஒலி செத்துப்போகாது. இரவில் ஹெட்போனில் வாசிக்கலாம். பாஸ் கட்டானா, ஃபென்டர் முஸ்டாங், யமஹா டிஹெச்ஆர் எல்லாம் இந்த வகை. டிஹெச்ஆர் மாதிரியானவற்றில் ஸ்பீக்கர் சின்னதுதான். ஆனாலும் வீட்டு வால்யூமுக்கென்றே வடிவமைத்தவை என்பதால் அங்குலக் கணக்கை அவற்றுக்கு அப்படியே போட வேண்டாம்.

முதலில் விலை குறைந்ததை வாங்கிப் பழகட்டும், கை வந்த பிறகு நல்லதாகப் பார்க்கலாம் என்பது பெற்றோர் பலரின் வாதம். கிட்டாரோடு சேர்த்து விற்கும் பேக்கில் வரும் ஆம்ப் அவர்களுக்கு வசதியாகப் படுகிறது. இந்த வாதத்தோடுதான் நான் முழுமையாக முரண்படுகிறேன். தொடக்கக்காரருக்குத் தன் விரல் செய்த பிழை எது, ஆம்ப் செய்த இரைச்சல் எது என்று பிரித்தறியத் தெரியாது. எவ்வளவு பழகினாலும் ஒலி மோசமாகவே வந்தால், தனக்குத்தான் வரவில்லை என்று எண்ணிக் கிட்டாரைத் தூக்கி வைத்துவிடுவார். மொத்தம் 30,000 ரூபாய் வைத்திருந்தால் 25,000-ஐக் கிட்டாருக்குக் கொடுப்பதைவிட, 17,000, 13,000 என்று பிரிப்பது மேல். சுமாரான கிட்டாரின் ஸ்ட்ரிங்கை மாற்றி, செட்டப் செய்து தேற்றிவிடலாம். மோசமான ஸ்பீக்கரைத் தேற்ற வழியில்லை.

கடைக்குப் போகும்போது சொந்தக் கிட்டாரைக் கொண்டுபோங்கள். எஃபெக்ட் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வைத்து, க்ளீன் சேனலில் ஒற்றை ஸ்வரத்தை மீட்டி, அது அடங்கும்வரை கேளுங்கள். பிறகு டிஸ்டார்ஷனில் ஒரு முழு கார்டு. ஸ்வரங்கள் தனித்தனியாகக் கேட்கின்றனவா, கலங்கிப்போகின்றனவா? அடுத்து, வீட்டில் எவ்வளவு சத்தத்தில் வாசிப்பீர்களோ அவ்வளவுக்கு இறக்குங்கள். கடைக்காரர்கள் ஏற்றித்தான் காட்டுவார்கள். நீங்கள் இறக்கிக் கேளுங்கள். கிட்டாரில் உள்ள வால்யூம் திருகைக் குறைத்தால் ஒலி தெளிகிறதா என்றும் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வருவதாக இருந்தால், அங்கே மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230 என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேரடியாகச் செருகினால் ஆம்ப் எரிந்துபோகலாம். எர்த் விஷயம் அதைவிடப் பெரிது. பெரும்பாலான கிட்டார்களில் ஸ்ட்ரிங்குகள் வயர் வழியாக ஆம்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாத இடத்தில் ஆம்பில் மின்கசிவு ஏற்பட்டால் அது வாசிப்பவரின் விரலுக்கே வரும். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருந்தும் எர்த் வயர் இணைக்காமல் விட்டிருப்பதுண்டு. ஆம்ப் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்த ஒரு சாக்கெட்டைச் சோதித்துவிடுங்கள்.