முழங்கால் மூட்டுத் தேய்வும் வயல் வேலையும்

திண்டுக்கல் சமவெளியிலுள்ள குடியானவர்களுள் ஐம்பது வயதைக் கடந்த அநேகர், முழங்காலைக் கையால் ஊன்றிக்கொண்டே வரப்பைவிட்டு எழுவதைக் காண்கிறோம். காரணம் வினவினால், "வண்டி இருசு தேய்ந்தாற்போல மூட்டும் தேய்ந்துவிட்டது, இனிச் செய்வதற்கு என்ன இருக்கிறது?" என்பார்கள். ஆள் கிடைப்பது அரிதாகிவரும் இந்நாளில், அனுபவமுள்ள ஒருவர் வேலையை விட்டு உட்கார்ந்துவிடுவது குடும்பத்திற்கும் நிலத்திற்கும் பெருநஷ்டமாகும். ஆகவே இந்நோயின் காரணத்தை அறிவது அவசியம்.

வைத்தியர்கள் 'ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்' என்று கூறும் இந்நோய் நம் பக்கத்திற்கு மாத்திரம் உரியதன்று. 1996-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்திலுள்ள பிக்வான் கிராமத்தில் தொடங்கப்பெற்ற கணக்கெடுப்பிலும் இது மிகுதியாகக் காணப்பட்டது.

மூட்டின் அமைப்பு

எலும்புகள் ஒன்றோடொன்று உராயாதபடி அவற்றின் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதில் பெரும்பகுதி நீரே உண்டு. அதனுள் ஆங்காங்கே தங்கியிருக்கும் உயிரணுக்கள் மிகச் சிலவே. எனினும் குருத்தெலும்பைப் புதுப்பித்துக் காப்பவை அவைகளே. குருத்தெலும்பிற்கு இரத்தக் குழாய்கள் கிடையா. நடக்கும்போது பாரம் அமுங்க நீர் வெளியேறுகிறது. பாரம் நீங்க மூட்டு நீர் உள்ளே ஊறுகிறது. இவ்வாறே உயிரணுக்களுக்கு ஆகாரம் சேர்கிறது. ஆதலின் மூட்டு, வண்டி இருசைப்போல உயிரற்ற பொருளன்று, பயிரைப்போல உயிருள்ளது. தண்ணீர் குறைந்தால் பயிர் வாடும். மிகுந்து தேங்கினால் வேர் அழுகும். பாரமும் மூட்டுக்கு அத்தகையதே. நெடுநாள் அசையாதிருப்பவரின் குருத்தெலும்பும் மெலிந்துபோகிறது.

அதிக பாரம் செய்யும் தீமை

உயிரணுவின் மேல்தோலில் வாய்க்கால் மடைபோன்ற நுண்ணிய வாயில்கள் உள்ளன. அழுத்தம் படும்போது இவை திறந்து, சுண்ணாம்புச் சத்தை உள்ளே விடுகின்றன. அளவான அழுத்தத்தில் திறக்கும் வாயில், குருத்தெலும்பை வளர்க்கும்படி அணுவைத் தூண்டுகிறது. கடும் அழுத்தத்தில் 'பியசோ' என்னும் வேறு வாயில்கள் திறந்து, சுண்ணாம்புச் சத்து வரம்பு மீறிப் புகுவதால் அணு மடியக்கூடும் என்பதை அமெரிக்காவிலுள்ள டியூக் சர்வகலாசாலையார் 2014-இல் விளக்கினர். இவ்வாயில்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூடியன் என்பவருக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

தொடர்ந்து அளவுமீறி நசுங்கும் உயிரணு வேறொரு தீமையும் செய்கிறது. தன்னைச் சூழ்ந்த நார்களைத் தானே கரைக்கும் நொதிகளை அது சுரக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதையாக முடிகிறது. ஆகவே மூட்டு வெறும் உராய்வினால் மாத்திரம் தேய்வதில்லை. வயது, பரம்பரை, பழைய காயம் ஆகியவையும் இதற்குத் துணையாகின்றன. ஒருமுறை அழிந்த குருத்தெலும்பு முன்போல மீண்டும் வளர்வதில்லை. ஆதலால் முன்கூட்டிக் காப்பதே உத்தமம்.

அநுசரிக்க வேண்டிய முறைகள்

1. சின்ன வெங்காயத்திற்குக் களையெடுத்தல், நிலக்கடலை ஆய்தல் ஆகிய வேலைகளில் ஆட்கள் நெடுநேரம் குந்தியிருக்கிறார்கள். முழங்காலை மடக்கிப் பாரத்தோடு வேலை செய்யும் ஆண்களுக்கு இந்நோய் ஏறக்குறைய இருமடங்கு உண்டாவதாக 1991-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது. நீண்ட பிடியுள்ள களைக் கருவியால் நின்றபடியே களையெடுக்கலாம். ஆய்வதற்குச் சிறு முக்காலி கொடுக்கலாம். அரை மணிக்கொருமுறை எழுந்து சிறிது நடப்பது நன்று.

2. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் மூட்டைகளைச் சிறியனவாகக் கட்ட வேண்டும். ஓர் ஆண் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-இல் சிபாரிசு செய்துள்ளது. கூடியவரை தள்ளுவண்டியை உபயோகிப்பதே நலம்.

3. பருத்த உடலினர் எடையைக் குறைக்க வேண்டும். நோயுற்றவர்களிடம் நடத்திய பரிசோதனையில், 1 கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் பாரம் சுமார் 4 கிலோ குறைவதாகக் கண்டிருக்கிறார்கள்.

4. வலி கண்டவுடன் படுத்துவிடலாகாது. சமதரையில் நிதானமாக நடப்பதும், நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்கித் தொடைத் தசையைப் பலப்படுத்துவதும் நன்மை தரும்.

5. மூட்டு வீங்கிச் சூடாயிருந்தாலும், ஜுரம் கண்டாலும், கால் திடீரென்று மடங்காமற் போனாலும் தாமதியாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

வயலுக்குச் செல்லும் பாதை மேடுபள்ளமாயிருந்தால், தலைச்சுமையுடன் வருபவர் கால் இடறி மூட்டில் அடிபட ஏதுவாகும். கிராம அதிகாரிகள் இப்பாதைகளைச் செப்பனிட ஏற்பாடு செய்வது பேருதவியாகும்.

உழவு மாட்டின் கால் நொண்டினால் அன்றே நுகத்தை இறக்கிவிடும் நம் குடியானவர்கள், தங்கள் காலுக்கும் தங்களிடம் வேலை செய்வோர் காலுக்கும் அதே கவனத்தைச் செலுத்துவார்களாக.